தசைநாண் காயத்திலிருந்து மீளும் குதிரை: நடையிலிருந்து ஓட்டத்துக்கு எப்போது, எப்படி?

கொங்கு_லாயம்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகில் தென்னந்தோப்பு ஒன்றில் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடித்த தரோபிரெட். வயது எட்டு, எடை ஏறத்தாழ 450 கிலோ. இதற்கு இடது முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, பின்புறத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிற மேல் மடக்குத் தசைநாணில் காயம் ஏற்பட்டது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் தசைநாணின் நடுப்பகுதியில் நார்கள் அறுபட்டுக் கறுப்பாகத் தெரிந்தது. லாய ஓய்வும், கையில் பிடித்து நடத்துவதுமாக மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. அண்மையில் எடுத்த ஸ்கேனில் அந்தக் கறுப்புப் பகுதி பெருமளவு மூடியிருக்கிறது. இப்போது நொண்டுவதில்லை. நாளொன்றுக்கு அரை மணி நேரம் நடக்கிறது.

மருத்துவர் படிப்படியாக வேலையைக் கூட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் கோவையிலிருந்து எப்போதாவதுதான் வர முடியும். இடைப்பட்ட நாட்களில் நானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. குதிரையோ லாயக் கதவைத் திறந்தவுடன் துள்ளுகிறது, கயிற்றை இழுக்கிறது, தோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஓடிக் கடந்துவிடத் துடிக்கிறது. இந்த நிலையில் டிராட் (மெல்லோட்டம்) எப்போது, கேன்டர் (அதைவிட வேகமான ஓட்டம்) எப்போது, மேலே ஆள் ஏறுவது எப்போது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வேப்பேரி_பழையமாணவன்

நான் கால்நடை மருத்துவன். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். குதிரையை நேரில் பார்க்காததால் பொதுவான வழிமுறையை மட்டும் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

குதிரை துள்ளுகிறதே என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓய்விலிருந்து திரும்பும் குதிரைக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைகளுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான காலம் ஆகும். தசைநாணுக்கு ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே, ‘நான் தயார்’ என்று குதிரை காட்டுகிற நாளுக்கும், அதன் கால் உண்மையில் தயாராகிற நாளுக்கும் இடையே பல மாத இடைவெளி உண்டு. பெரும்பாலான மறுகாயங்கள் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன. நொண்டல் நின்றுவிட்டது என்பது வீக்கமும் வலியும் அடங்கிவிட்டன என்பதற்கு மட்டுமே சான்று.

காயம்பட்ட இடத்தில் உடல் முதலில் அவசரத்துக்கு இட்டு நிரப்புவது மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். அது வலுக் குறைந்தது. அதன் நார்கள் ஒழுங்கற்றுக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அந்த நிலையிலிருந்து முதல் வகைக் கொலாஜனாக மாறி, நார்கள் காலின் நீளவாக்கில் வரிசையாக அமைய வேண்டுமானால் அளவான இழுவிசை தேவை. முழு ஓய்விலேயே வைத்திருந்தால் தழும்பு தாறுமாறாக உருவாகும். அளவுக்கு மீறி இழுத்தால் புதிய நார்கள் அறுந்துவிடும். நடை என்பது நேரத்தைப் போக்கும் வேலை அன்று, அதுவே மருந்து.

உங்கள் குதிரைக்கு இப்போது அரை மணி நேர நடை என்றால், வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டி, 45 முதல் 60 நிமிடம் வரை கொண்டு போகலாம். அந்த நிலையில் சிக்கலின்றிச் சில வாரங்கள் இருந்த பிறகு, நான்காம் அல்லது ஐந்தாம் மாதத்தில், நடையின் நடுவே நேர்க்கோட்டில் ஓரிரு நிமிட டிராட் மட்டும் சேர்க்கலாம். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் உயர்த்தினால் போதும். கேன்டருக்கு முன் கட்டாயம் ஒரு ஸ்கேன் வேண்டும். அது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் வரும். முழு வேகப் பாய்ச்சலும் தாண்டுதலும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்கு முன் வேண்டாம். பாய்ச்சலின்போது இந்தத் தசைநாண் தன் நீளத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் நீள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். முழு நலமுள்ள குதிரைக்கே அது முறியும் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது.

பழைய_சைஸ்

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கிண்டியில் நான் வேலை பார்த்த காலத்தில் இவ்வளவு கணக்கு வைத்து யாரும் நடத்தியதில்லை. காலுக்குச் சூடு போட்டு, ஓராண்டுக்குக் குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். திரும்பி வந்து பந்தயத்தில் ஜெயித்த குதிரைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பிக்குத் தோப்பு இருக்கிறது. வேலி போட்டு விட்டுவிட்டால் இயற்கையாகவே ஆறிவிடுமே?

வேப்பேரி_பழையமாணவன்

ஐயா, அந்தக் குதிரைகள் ஆறியதற்குக் காரணம் சூடு அல்ல, அதற்குப் பின் கிடைத்த ஓராண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் சூடு போடும் முறையை முறையாக ஆராய்ந்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தசைநாண் ஆறுவதற்குச் சூட்டினால் எந்தப் பயனும் இல்லை என்பதே அவர்கள் கண்டது. சூடு போட்ட குதிரையை வேலைக்கு எடுக்க யாருக்கும் மனம் வராது, அதனால் அதற்கு ஓய்வு கிடைத்தது. அவ்வளவுதான்.

புல்வெளியில் அவிழ்த்துவிடும் யோசனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதக்கணக்கில் அடைபட்டிருந்த குதிரை வெளியே போன முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாய்ந்து, சடாரெனத் திரும்பி, வேலியருகே காலை ஊன்றி நிற்கும். மூன்று மாதப் பொறுமையை அந்த ஒரு ஓட்டமே கெடுத்துவிடும். ஆகவே இந்தக் குதிரை ஆள் ஏறி டிராட், கேன்டர் இரண்டும் அமைதியாகச் செய்யப் பழகும் வரை தனியாக அவிழ்த்துவிடக் கூடாது. முதலில் அவிழ்த்துவிடும்போதும் லாயத்தின் அளவைவிடச் சற்றே பெரிய சிறு அடைப்பில், உலர்புல்லைப் போட்டு, பக்கத்தில் இன்னொரு அமைதியான குதிரையைக் கட்டி வைத்துவிட்டு விடுங்கள். வேலை முடிந்த பிறகு விடுவது நல்லது. லாயத்திலிருந்து நேராகக் கொண்டுபோய் விட வேண்டாம்.

கையில் பிடித்து நடத்தும்போதே அடங்காத குதிரைக்கு, ஏசிபி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அசிபுரோமசின் மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். காயடிக்காத ஆண் குதிரைகளில் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நின்றுவிடும் ஆபத்து இருப்பதால் அவற்றுக்கு இதைத் தவிர்ப்போம். உங்கள் குதிரை காயடித்தது என்பதால் கவலை குறைவு.

மலைப்பாதை

நான் கொடைக்கானல் பக்கம் குதிரையேற்றம் கற்றுத் தருகிறேன். அண்ணா, உங்கள் கேள்வியில் தரையைப் பற்றி ஒன்றுமே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. காலம், நிமிடம் எல்லாவற்றையும் சரியாகக் கடைப்பிடித்துவிட்டு, ஆழ மணலில் நடத்தினால் எல்லாம் வீண். மணலில் குளம்பு புதையும்போது கணுக்கால் கீழே இறங்கும், கால் பின்னால் நீள்வதும் அதிகமாகும், முழுச் சுமையும் தசைநாண் மேல் விழும். மென்மையாக இருப்பதால் மணல் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மூட்டு நோய்க்கு அது பொருந்தலாம், தசைநாண் காயத்துக்குப் பொருந்தாது. கெட்டியான, சமமான, கல் இல்லாத மண் பாதையே வேண்டும். நடைக்கு மட்டும் என்றால் தார்ச்சாலைகூட நல்லதுதான். ஆனால் டிராட்டைத் தார்ச்சாலையில் நீட்டிக்க வேண்டாம். மூட்டுகள் அடி வாங்கும்.

இரண்டாவது, லஞ்சிங் வேண்டவே வேண்டாம். துள்ளும் குதிரையைக் கயிற்றில் வட்டமடித்துக் களைப்பாக்கிவிட்டு ஏறுவது நம் ஊரில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். சிறு வட்டத்தில் உள்பக்கக் கால் சாய்ந்த நிலையில் சுமை தாங்கும். நேர்க்கோட்டில் நொண்டாத குதிரை வட்டத்தில் நொண்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இப்படிப்பட்ட குதிரைக்குக் கையில் பிடித்து நடத்துவதைவிட, அமைதியான, கை பதமுள்ள ஒருவர் மேலே ஏறி நடத்துவதே பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன். மேலே ஆள் இருந்தால் குதிரை நேராகப் போகும், துள்ளவும் இடம் குறைவு. சேணத்தோடு சேர்த்து ஏறுபவரின் எடை குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் குதிரைக்கு 70 கிலோவுக்குக் கீழே ஆள் கிடைத்தால் நல்லது.

ஏறுவதற்கு முன் சேணத்தை ஒருமுறை சரிபாருங்கள். ஓய்வில் முதுகுத் தசை வற்றியிருக்கும். காயத்துக்கு முன் கச்சிதமாக உட்கார்ந்த சேணம் இப்போது முன்னால் தோள்மேட்டின் மேல் இறங்கி உட்காரும். முதுகு வலிக்கும் குதிரை நடையை மாற்றிக்கொள்ளும். அப்போது எந்தக் காலில் தொல்லை என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

கொங்கு_லாயம்

எல்லோருக்கும் நன்றி. தோப்பினுள் சொட்டுநீர்ப் பாசனத்தால் மண் எப்போதும் நெகிழ்ந்தே இருக்கிறது; வாய்க்கால் கரையை ஒட்டிய செம்மண் வண்டிப்பாதை கெட்டியாக இருப்பதால் அதையே பயன்படுத்துகிறேன். ஐப்பசி மழை பிடித்தால் அதுவும் சறுக்கும். அந்த நாட்களில் ஊர்ச்சாலைக்குப் போய்விடுகிறேன்.

தீனியைப் பற்றி ஒரு கேள்வி. இப்போது ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கம்பு நேப்பியர் புல் ஆகியவற்றைக் கொடுக்கிறேன். கால் சீக்கிரம் வலுப்பெறட்டும் என்று கொள்ளைக் கூட்டலாமா?

வேப்பேரி_பழையமாணவன்

கூட்ட வேண்டாம், குறையுங்கள். வேலை செய்யாத குதிரைக்குக் கொள்ளு, தவிடு போன்ற அடர்தீவனத்தைக் குறைக்காமல் விடுவதுதான் அதன் துள்ளலுக்குப் பாதிக் காரணம். அதோடு, வேலை திரும்பத் தொடங்கும் நாட்களில் தொடைத் தசை இறுகி, குதிரை நகர மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நோய் வரவும் அதுவே வழி செய்யும். ஓய்வு நாள் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வண்டிக்குதிரைகளுக்கு வந்ததால் அந்தக் காலத்தில் அதைத் திங்கட்கிழமை நோய் என்றார்கள். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த நார்த்தீனி, அதாவது உங்கள் குதிரைக்கு 7 முதல் 9 கிலோ உலர்புல், இதுவே அடிப்படையாக இருக்கட்டும். வேலை கூடிய பின்னால் அதற்கேற்ப அடர்தீவனத்தைக் கூட்டலாம். வேலைக்கு முன்னதாக ஒருபோதும் கூட்டக் கூடாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது தவிடும் கம்பு நேப்பியரும் சேர்ந்த உங்கள் கலவை. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். நேப்பியர் வகைப் புற்களில் ஆக்சலேட் அதிகம். அது இருக்கும் கால்சியத்தையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டுக்கு இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கும். முகவெலும்பு இருபுறமும் புடைப்பதும், இன்ன கால் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி நொண்டுவதும் அதனால்தான். பால்பண்ணைக்கு ஏற்ற புல் என்பதற்காகக் குதிரைக்கும் அதையே போடுவது நம் பகுதியில் சர்வசாதாரணமாக நடக்கிறது. தவிட்டை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். குதிரைமசால் கிடைத்தால் ஓரளவு சேருங்கள். நேப்பியருக்குப் பதில் வேறு உலர்புல் தேடுங்கள்.

நாட்டியப்பரி

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அந்தியூர்க்காரன், கோயில் விழாக்களுக்கு நாட்டியக் குதிரை கொண்டு போகிறேன். என் மார்வாரிக் குதிரைக்குப் பின்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் தாங்குநாணின் மேல்முனையில் காயம் என்றார்கள். இப்போது நொண்டவில்லை. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆட விடலாமா?

வேப்பேரி_பழையமாணவன்

காயம் பட்டு எவ்வளவு காலம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: மற்றக் குதிரைக்குத் தாண்டுதல் எப்படிக் கடைசிக் கட்டமோ, உங்கள் குதிரைக்கு நாட்டியமே அப்படிக் கடைசிக் கட்டம். நாட்டிய அடியில் குதிரை எடையைப் பின்னுக்கு வாங்கிக் காலை மாற்றி மாற்றித் தூக்கி ஊன்றுகிறது. சில குதிரைகளைப் பின்னங்கால்களில் மட்டும் நிற்கவும் வைக்கிறார்கள். அத்தனை எடையும் காயம்பட்ட இடத்தில்தான் விழும். மார்வாரிக் குதிரைகள் பலவற்றுக்குப் பின்னங்கால் முட்டி சற்று நேராக அமைந்திருக்கும். அப்படிப்பட்ட அமைப்பில் தாங்குநாண் இன்னும் கூடுதலாகச் சிரமப்படும். மேளச் சத்தம் கேட்டால் அது தானாகவே ஆடத் தொடங்கும் என்பதால் சந்தைக்குக் கூட்டிப் போவதையே தவிர்த்துவிடுங்கள். நடை, டிராட் கட்டங்கள் முடிந்து, ஸ்கேனும் பார்த்த பிறகு, சிமெண்டுத் தரையில் இல்லாமல் மண் தரையில், ஓரிரு நிமிடத்தில் தொடங்கலாம்.

நாட்டியப்பரி

புரிந்தது, ஐயா. இந்த ஆண்டு வேறு குதிரையை அழைத்துப் போகிறேன்.

பழைய_சைஸ்

சூட்டு விஷயத்தில் டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் செய்து பழகிய வேலை ஒன்றைத் தம்பிக்குச் சொல்கிறேன். ஸ்கேன் மாதத்துக்கு ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோதான். உங்கள் கை தினமும் உண்டு.

காலையில் குதிரையை லாயத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நடந்த பிறகு பார்த்தால் பாதிச் சேதி மறைந்துவிடும். முதலில் நல்ல காலைத் தொடுங்கள். அதன் சூடு எவ்வளவு, தோலுக்கும் நாணுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று கைக்குத் தெரிந்த பிறகு காயம்பட்ட காலுக்கு வாருங்கள். புறங்கையால் மேலிருந்து கீழே தடவிச் சூடு பாருங்கள். பிறகு காலை மடக்கித் தூக்கி, உங்கள் முழங்காலில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து, அரை அங்குலம் அரை அங்குலமாக இறங்கி வாருங்கள். கால் ஊன்றியிருக்கும்போது நாண் விறைத்திருப்பதால் உள்ளே இருக்கும் வலி தெரியாது, தூக்கினால்தான் தெரியும். எந்த இடத்தில் குதிரை காலை இழுக்கிறதோ, அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, மாலையில் மீண்டும் அதே இடத்தை அழுத்திப் பாருங்கள். இரண்டு முறையும் இழுத்தால் அது வலி. ஒருமுறை மட்டும் என்றால் ஈயாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. நான்கு காலும் ஒரே மாதிரி கொழகொழவென்று வீங்கி, பத்து நிமிடம் நடந்ததும் வற்றிவிட்டால் அது நின்றே கிடந்ததால் வந்த நீர், பயப்படத் தேவையில்லை. ஒரே காலில் மட்டும், சூட்டோடு, நடந்த பின்னும் வற்றாமல் இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது.

மலைப்பாதை

ஐயா சொன்னதை அப்படியே அச்சடித்து லாயத்தில் ஒட்டி வைக்கலாம். இத்துடன் வாரத்துக்கு ஒருமுறை கெட்டியான, சமதளத் தரையில் தளர்ந்த கயிற்றில் நேராக ஓட்டி, போகும்போதும் வரும்போதும் செல்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் நொண்டலில், நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும், வலிக்கிற கால் ஊன்றும்போது தலை உயரும். கண்ணுக்குத் தப்புகிற சிறு தலையாட்டம், போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் வேகத்தைக் குறைத்து அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொங்கு_லாயம்

இந்த இழையைத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. மேலே ஆள் ஏறி 50 நிமிட நடை என்ற நிலையை எட்டி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, டிராட்டும் தொடங்கினோம். மூன்றாம் முறை டிராட் செய்த மறுநாள் காலையில் அந்தக் காலில் மட்டும் லேசான சூடும், நாணின் நடுப்பகுதியில் சற்றுத் தடிப்பும் தெரிகின்றன. அழுத்தினால் காலை இழுக்கவில்லை, நொண்டலும் இல்லை. ஒரு நாளைக்கு வலி மருந்து கொடுத்துவிட்டுத் தொடரலாம் என்று லாடம் அடிப்பவர் சொல்கிறார். குதிகாலை உயர்த்தி லாடம் அடித்தால் நாணுக்கு ஓய்வு கிடைக்கும் என்றும் சொல்கிறார்.

வேப்பேரி_பழையமாணவன்

வலி மருந்து வேண்டாம். பியூட் என்கிற பினைல்பியூட்டசோனோ வேறெதுவோ கொடுத்தால், நாம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறோமோ அந்த அறிகுறியையே மறைத்துவிடுகிறோம். டிராட்டை நிறுத்தி, 30 நிமிட நடைக்குத் திரும்புங்கள். நாளுக்கு இருமுறை 20 நிமிடம் குளிர்ந்த நீரைக் காலில் ஊற்றுங்கள். சூடும் தடிப்பும் ஓரிரு நாட்களில் முழுவதும் அடங்கினால், இரண்டு வாரம் நடையிலேயே வைத்திருந்து, பிறகு பாதி அளவு டிராட்டில் தொடங்கலாம். அடங்காவிட்டால், குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே ஸ்கேன் எடுங்கள். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது தசைநாணின் குறுக்குப் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், வேலை அளவை மீறிவிட்டது என்று பொருள்.

லாடத்தைப் பொறுத்தவரை, குதிகாலை உயர்த்துவது ஆழ்மடக்குத் தசைநாணின் இழுப்பைக் குறைக்கும். உங்கள் குதிரையின் காயம் மேல் மடக்குத் தசைநாணில். அதற்கு அந்த உதவி கிடையாது, சில நிலைகளில் சுமை கூடவும் செய்யும். குளம்பின் முன்பகுதி நீண்டு வளராமல் குறுக்கிச் செதுக்கி, இருபுறமும் சமமாகத் தட்டையான லாடம் அடிக்கச் சொல்லுங்கள்.

மலைப்பாதை

டிராட் செய்யும்போது காலில் பாதுகாப்பு உறையோ பேண்டேஜோ கட்டியிருந்தீர்களா, அண்ணா?

கொங்கு_லாயம்

ஆமாம், தடித்த நியோபிரீன் உறை கட்டியிருந்தோம். வேலை முடிந்த பிறகும் குளிப்பாட்டும் வரை அப்படியே இருந்தது.

வேப்பேரி_பழையமாணவன்

அதை மாற்றிவிடுங்கள். பாயும் குதிரையின் தசைநாண் நடுவே வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் போவது காயத்துக்கு ஒரு காரணம் என்றும் கருதுகிறார்கள். நம் ஊர் வெயிலில் காற்றுப் புகாத உறை அதைக் கூட்டவே செய்யும். காலோடு கால் இடித்துக்கொள்ளும் குதிரையாக இல்லாவிட்டால் உறையே தேவையில்லை. தேவைப்பட்டால் காற்றோட்டமுள்ளதாக வாங்கி, வேலை முடிந்த உடனே கழற்றி நீர் ஊற்றுங்கள். வேலையையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கொங்கு_லாயம்

சரி, டாக்டர். இன்று மாலை முதல் 30 நிமிட நடையும் தண்ணீரும்தான். நாளையும் மறுநாளும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். ஸ்கேனுக்கு மருத்துவரிடம் இப்போதே நாள் கேட்டு வைத்துவிட்டேன்.